நாவல் எழுதுகிறவர் மேடை ஏறுவதற்கு முன்

என் இரண்டாவது நாவல் 500 பிரதி அச்சாகி, அதில் பாதி பதிப்பாளரின் கிடங்கிலேயே கிடந்த சமயத்தில்தான் முதன்முதலாக ஓப்பன் மைக் ஒன்றில், அதாவது யார் வேண்டுமானாலும் ஏறிக் காமெடி பேசலாம் என்ற மேடையில், பேரைக் கொடுத்தேன். ஒரு காபிக் கடையின் மாடி. இருபது பேர் இருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் எனக்குப் பின்னால் பேசக் காத்திருந்தவர்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். எழுதுகிறவனுக்குப் பேச்சா வராது என்ற தைரியத்தில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை விவரித்துக்கொண்டே போனேன். மழை, டீக்கடைப் பாய்லர், பெஞ்சில் தூங்கும் கண்டக்டர் எல்லாம் வந்தன. ஜோக் மட்டும் வரவில்லை. அது வருவதற்குள் கடைசி வரிசையிலிருந்து செல்போன் டார்ச்சைக் காட்டிவிட்டார்கள். நேரம் முடியப்போகிறது, இறங்கு என்பதற்கு அதுதான் அடையாளமாம். எனக்கு அது தெரியாது. யாரோ போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தபடி நின்றேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அதற்குத்தான்.

அதற்கப்புறம் ஆறு வருடம் ஓடிவிட்டது. மாதம் ஒன்றிரண்டு காமெடி மேடை, எப்போதாவது நாடகம், சினிமாவில் இரண்டு மூன்று காட்சி, ஊர்ப் பக்கம் போனால் வில்லுப்பாட்டில் பின்பாட்டு என்று போகிறது. பெரிய ஆளாகவில்லை. ஆனால் நாவல் எழுதிக்கொண்டே இதில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இது பழைய தடம்தான்

முதலில் கூச்சத்தை விடுங்கள். எழுத்தாளர் மேடை ஏறினால் எழுத்தின் மதிப்புக் குறையும் என்று சொல்பவர்களிடம் கொத்தமங்கலம் சுப்பு என்ற பெயரைச் சொல்லுங்கள். 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை எழுதியவர் அவர். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். 1947இல் வந்த 'மிஸ் மாலினி' படத்தை இயக்கி, அதில் நடிக்கவும் செய்தார். பாட்டு எழுதினார், காந்தியின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். 1971இல் பத்மஸ்ரீ வாங்கினார். இத்தனை தொப்பிகளையும் ஒரே தலையில் வைத்திருந்தவரைப் பார்த்து யாரும் நாவலாசிரியர் இல்லை என்று சொல்லவில்லை.

நம் காலத்தில் ஷோபாசக்தி இருக்கிறார். ஈழத்திலிருந்து போய் பிரான்சில் வாழும் நாவலாசிரியர். அவர் முதன்மை வேடத்தில் நடித்த 'தீபன்' 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதை வாங்கியது. 'குற்றப் பரம்பரை' எழுதிய வேல ராமமூர்த்தியை 'மதயானைக் கூட்டம்' படத்துக்குப் பிறகு, அவருடைய நாவலைப் படிக்காதவர்களும் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்கிறார்கள். நமக்கு அந்த உயரம் வராமல் போகலாம். அதனால் என்ன? அமெரிக்காவில் 1992இல் ஸ்டீஃபன் கிங், ஏமி டான், டேவ் பாரி மாதிரியான எழுத்தாளர்கள் சேர்ந்து 'ராக் பாட்டம் ரிமெய்ண்டர்ஸ்' என்று ஒரு இசைக்குழு ஆரம்பித்தார்கள். ரிமெய்ண்டர்ஸ் என்றால் விற்காமல் தேங்கி, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப்படும் புத்தகங்கள். வாசிப்பு சுமார்தான் என்று தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டு இருபது வருடம் வாசித்தார்கள், நல்ல காரியங்களுக்கு நிதியும் திரட்டினார்கள்.

முதல் வேலை: ஒரு மேடைப் பிரதி

அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் படிக்காதீர்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1853இல் பர்மிங்காமில் தொடங்கித் தன் கதைகளை ஊர் ஊராகப் போய் வாசித்தார். 1858க்குப் பிறகு அதையே காசுக்குச் செய்தார். வாசிப்பு என்று பெயர்தான், உண்மையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலும் முகமும் மாற்றி அவர் ஒருவரே நடித்தார். அதற்கென்று தனிப் பிரதி வைத்திருந்தார். தன் எழுத்தையே தயங்காமல் வெட்டி, கோடு போட்டு, எந்த இடத்தில் எந்த உணர்ச்சி என்று ஓரத்தில் தனக்குத்தானே குறிப்பு எழுதிவைத்தார். நாமும் அதையேதான் செய்ய வேண்டும்.

உங்கள் நாவலில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும், கொஞ்சம் சண்டையோ அசட்டுத்தனமோ இருக்கும் ஒரு காட்சியை எடுங்கள். அதைக் கையால் திரும்ப எழுதுங்கள். 'என்றான்', 'என்றாள்' எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். யார் பேசுவது என்பதைக் குரலே சொல்லிவிடும். இயற்கை வர்ணனையில் ஒரு வரிக்கு மேல் விடாதீர்கள். அடுத்து எச்சங்களைப் பாருங்கள். 'கதவைத் திறந்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது' என்று தாளில் ஒரே மூச்சில் போகலாம். மேடையில் கேட்பவருக்கு வினைமுற்று வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். நான்கு துண்டாக்குங்கள். கதவைத் திறந்தான். உள்ளே வந்தான். அவ்வளவுதான்.

தமிழில் நகைச்சுவைக்கு ஒரு வசதி உண்டு. சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் வாக்கியம் உடையாது. அதனால் சிரிக்கவைக்கும் சொல்லைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். "எடைக்குப் போடுவதற்காக என் நாவலில் பத்துப் பிரதி வாங்கினார் மாமனார்" என்று சொன்னால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், முதல் சொல்லிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. "மாமனார் என் நாவல் பத்துப் பிரதி வாங்கினாருங்க. எடைக்குப் போட" என்று சொல்லிப் பாருங்கள். 'வாங்கினாருங்க'வுக்குப் பிறகு ஒரு மூச்சு விட வேண்டும். அந்த ஒரு மூச்சைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடமாயிற்று.

மொழி விஷயத்தில் ஒன்று. எழுத்துத் தமிழில் பேசாதீர்கள், சினிமாத் தமிழிலும் பேசாதீர்கள். உங்கள் வீட்டுப் பேச்சு எதுவோ அதில் பேசுங்கள். திருநெல்வேலிக்காரர் கோயம்புத்தூர் பாஷையில் 'ஏனுங்' போட்டுக் காட்டுவது முதல் தடவை சிரிப்பாக இருக்கும், மூன்றாவது தடவை கோயம்புத்தூர்க்காரர் எழுந்து போவார்.

ஐந்து நிமிடம்

காமெடியிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் எளிது. செலவு இல்லை, ஆள் சேர்க்க வேண்டாம், தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. சென்னையில் ஓப்பன் மைக் கிடைக்கும். மற்ற ஊர்களில் நகைச்சுவை மன்றங்கள், நூலக வாசகர் வட்டங்கள், கல்லூரித் தமிழ் மன்றங்கள் உண்டு. புத்தக வெளியீட்டு விழாவில் பேசக் கூப்பிட்டால் அதையும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே எல்லாரும் நீளமாகப் பேசுவார்கள். நீங்கள் ஏழு நிமிடத்தில் முடித்தாலே கைதட்டல் நிச்சயம்.

ஐந்து நிமிடத்துக்கு 400 சொல் போதும். இது என் கணக்கு. இடைவெளிக்கும் சிரிப்புக்கும் நேரம் வேண்டுமல்லவா. எழுதி முடித்ததும் மனப்பாடம் செய்யுங்கள். பிறகு வீட்டில் நின்றுகொண்டு சொல்லுங்கள். உட்கார்ந்து ஒத்திகை பார்த்தால் மேடையில் கை எங்கே போவதென்று தெரியாமல் பேன்ட் பையைத் தேடும். ஒவ்வொரு தடவையும் போனில் பதிவு செய்து, மறுநாள் கேட்டு, சிரிப்பு வந்த இடத்தில் ஒரு டிக், வராத இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். மூன்று மேடையில் தொடர்ந்து வட்டம் வாங்கிய வரியைத் தூக்கிவிடுங்கள், அது எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும்.

நாவலாசிரியருக்கு ரொம்பக் கஷ்டமானது அடுத்தது. அதே ஐந்து நிமிடத்தைப் பத்து இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நமக்குப் புதிதாக எழுதத்தான் கை துறுதுறுக்கும். ஒவ்வொரு வாரமும் புது செட் எழுதிக்கொண்டுபோனால் ஒன்றுமே பழுக்காது. நான் முதல் வருடம் பூராவும் அந்தத் தப்பைச் செய்தேன்.

இன்னும் சில விஷயங்கள். "நான் ஒரு எழுத்தாளர்" என்று ஆரம்பிக்காதீர்கள், கூட்டம் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தவனைச் சிரிக்கவைப்பது கடினம். மனைவி, அம்மா, அலுவலக நண்பர் பற்றிச் சொல்வதாக இருந்தால் முதலில் அவர்களிடம் சொல்லிக் காட்டுங்கள். நாவலில் பெயரை மாற்றிவிடலாம், மேடையில் 'என் மனைவி' என்றால் அது அவர்தான். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள், ஸ்பீக்கருக்கு நேராகக் காட்டாதீர்கள், ஊளையிடும். டார்ச் தெரிந்தால் இறங்கிவிடுங்கள்.

நடிப்பு: முதலில் மேஜை தூக்குங்கள்

நடிப்பைக் கற்க சினிமா வாசலுக்குப் போகாமல் நாடகக் குழுவுக்குப் போங்கள். நம் ஊர் நவீன நாடகத்துக்கும் எழுத்தாளர்களுக்கும் உறவு நெருக்கமானது. 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி சிறுகதைக்காரர். பரீக்ஷா குழுவை நடத்திய ஞாநி நாவலும் எழுதினார். இந்த மாதிரிக் குழுக்களில் முதல் நாளே வேடம் கிடைக்காது. மேஜை தூக்கலாம், ஒத்திகையில் பிரதியைப் பார்த்து வசனம் எடுத்துக் கொடுக்கலாம், விளக்குப் போடுகிறவருக்கு உதவலாம். அதை மகிழ்ச்சியோடு செய்யுங்கள். ஒரே வசனத்தை ஒரு நடிகர் முப்பது தடவை சொல்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதைவிட நல்ல பாடம் கிடையாது.

நாவலாசிரியர் பாத்திரத்தை மேலிருந்து பார்த்துப் பழகியவர். அவனுடைய தாத்தா காலம் வரை தெரியும், கடைசி அத்தியாயத்தில் அவன் என்ன ஆவான் என்பதும் தெரியும். நடிக்கும்போது அது உதவாது. எதிரில் நிற்பவரிடம் இந்த நிமிடம் எனக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். கடன் கேட்க வந்தவன் கடனைத்தான் கேட்க வேண்டும், வறுமையை நடித்துக் காட்டக் கூடாது. என் முதல் நாடகத்தில் நான் வறுமையைத்தான் நடித்தேன். இயக்குநர் ஒத்திகையை நிறுத்திவிட்டு, "சார், நீங்க அவன் கையைப் பார்க்கவே இல்லை, கூரையைப் பார்த்து அழறீங்க" என்றார்.

அப்புறம், வசனத்தைத் திருத்தாதீர்கள். நமக்கு எல்லா வசனமும் கொஞ்சம் மட்டமாகத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் கூப்பிடப்பட்டது நடிக்க. யாராவது கேட்டால் மட்டும் ஒரு யோசனை சொல்லலாம், அதுவும் தனியாக.

சொந்தமாக நாடகம் போடப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் நாடகத்துக்கு முன்கூட்டியே காவல்துறையிடம் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வைத்துக்கொண்டிருந்தது. ஞாநி போட்ட வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. தெருவிலோ பொது இடத்திலோ ஒலிபெருக்கி வைத்து நடத்தினால் அதற்கான அனுமதி தனி, அதை மறக்காதீர்கள்.

சினிமா, வெப் சீரிஸ் பக்கம் போனால் ஒரே ஒரு விதி: ஆடிஷனுக்கோ, போட்டோ ஆல்பத்துக்கோ, 'ரிஜிஸ்ட்ரேஷனுக்கோ' காசு கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். வேடம் தருபவர்தான் நமக்குக் காசு தர வேண்டும். வீடியோ அனுப்பச் சொன்னால் வெற்றுச் சுவர் முன்னால், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று எடுங்கள். பின்னணி இசை சேர்க்காதீர்கள். வேடம் கிடைத்துவிட்டால் எத்தனை நாள் கால்ஷீட், சம்பளம் எவ்வளவு, பேட்டா உண்டா, டப்பிங்குக்கு வர வேண்டுமா என்று உதவி இயக்குநரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேட்டுவிடுங்கள். காலை ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு மாலை நான்குக்குத்தான் ஷாட் வைப்பார்கள், இது யார் மேலும் குற்றமில்லை, அந்தத் தொழிலே அப்படி. ஒரு தடிமனான நாவலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காட்சி இரண்டு நாளாகப் படமாகிறதென்றால் நடுவில் முடி வெட்டக் கூடாது, மீசையை எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். நான் நடித்த தாசில்தார் கதவுக்கு அந்தப் பக்கம் சொந்த மீசையோடு போய் இந்தப் பக்கம் ஒட்டுமீசையோடு வருவதை இன்றும் அந்தப் படத்தில் பார்க்கலாம். படத்தின் பெயரைக் கேட்காதீர்கள்.

பாட்டு

குரல் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம் என்று எழுத நினைத்தேன். வேண்டாம், வில்லுப்பாட்டு இருக்கிறது.

கதை, பாட்டு, பேச்சு, கிண்டல் நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்த கலை அது. நாவல் எழுதுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான மேடை எனக்குத் தெரிந்து இல்லை. மணி கட்டிய பெரிய வில்லின் நாணை வீசுகோலால் தட்டிக்கொண்டு ஒருவர் கதை சொல்வார். பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. கூட உட்கார்ந்து பதில் சொல்லிப் பாடுபவர் பின்பாட்டு. அவர் போடும் 'ஆமா'வில்தான் பாதி நகைச்சுவை இருக்கிறது. "ராஜாவுக்கு ஏழு பொண்டாட்டி" என்று முன்பாட்டுக்காரர் சொன்னால், பின்பாட்டுக்காரர் எந்தத் தொனியில் 'ஆமா' என்கிறார் என்பதைப் பொறுத்து அது பெருமையாகவும் ஆகும், பரிதாபமாகவும் ஆகும். நெல்லை, கன்னியாகுமரிப் பக்கம் கோயில் கொடை விழாக்களில் இரவு முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். பிறகு ஒரு குழுவிடம் போய்ப் பின்பாட்டு சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மரியாதையாகப் போங்கள், அவர்களுக்கு அது பிழைப்பு, நமக்கு உபதொழில். கொடை சமயத்தில் போய்ப் பாடம் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

பாடுவதற்கு முன்னால் உங்கள் சுருதி எது என்று கண்டுபிடியுங்கள். போனிலேயே சுருதிப் பெட்டி செயலிகள் இருக்கின்றன. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பொதுவாக ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டை, பெண்களுக்கு நாலரையிலிருந்து ஐந்தரை கட்டை வசதியாக இருக்கும். பாட்டின் மிக உயர்ந்த இடத்தை முதலில் பாடிப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள். கூட வாசிப்பவர் "எத்தனை கட்டை?" என்று கேட்கும்போது திருதிருவென்று முழித்தால் அங்கேயே மானம் போய்விடும்.

எந்தப் பாட்டு என்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். பாரதி பாடல்கள் நாட்டுடைமையானவை, வரிகளை யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் பின்னால் வந்த ஓர் இசையமைப்பாளர் போட்ட மெட்டு அவருடையது. காசு வாங்கி நடத்தும் நிகழ்ச்சியில் சினிமாப் பாட்டுப் பாடினால் ஐ.பி.ஆர்.எஸ். (பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்களின் உரிமைச் சங்கம்) உரிமம் யார் எடுக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தமாக எழுதி நாட்டுப்புற மெட்டில் போட்டுக்கொள்வது நமக்குச் சுலபம், எழுதத் தெரிந்தவர்கள்தானே. பாடவே வராது என்றாலும் வழி அடைபடவில்லை. நாவலாசிரியர் பெருமாள்முருகன் கீர்த்தனை எழுதினார், கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடினார்.

காசும் காலண்டரும்

முதல் வருடம் வருமானம் என்று ஒன்று இருக்காது, ஆட்டோ செலவு கையிலிருந்துதான் போகும். யாராவது கூப்பிட்டுப் பேச ஆரம்பித்ததும் தொகை, பயணம், தங்குமிடம், எத்தனை நிமிடம் என்று எழுத்தில் வாங்குங்கள். வெளியூர் என்றால் பாதி முன்பணம் கேளுங்கள். எழுத்தாளர்களுக்குப் பணம் கேட்கக் கூச்சம், சால்வைக்கே பழகிவிட்டோம். ஒரு கல்லூரி விழாவில் எனக்கு இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்குக் கிடைத்தது ஒரு சால்வையும் நான் எழுதிய புத்தகத்தின் ஒரு பிரதியும். நிறுவனங்கள் காசு தரும்போது பெரும்பாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். அது கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரித் தாக்கலில் திரும்பக் கேளுங்கள். அரசு வேலையில் இருப்பவர்கள் காசு வாங்கும் முன் துறை விதியைப் பார்த்துவிடுங்கள்.

புத்தகம் பத்துப் பிரதி எடுத்துப் போங்கள். மேடையிலிருந்து விளம்பரம் செய்ய வேண்டாம். வாசலில் ஒரு நண்பரை உட்காரவைத்து க்யூஆர் அட்டையை மேஜையில் வைத்தால் போதும். சிரித்துவிட்டு வெளியே வருகிறவர் வாங்குவார். சோக நாவலாக இருந்தாலும் வாங்குவார், அது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மேடை ஒரு போதை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நாவலுக்கு மூன்று வருடம் கழித்துக் கிடைக்கும் பாராட்டு இங்கே மூன்று விநாடியில் கிடைக்கிறது. டிக்கன்ஸ் ஏறத்தாழ 470 முறை மேடையில் வாசித்தார். 1869இல் உடம்பு தாங்காமல் போய், மருத்துவர் பாதியில் நிறுத்தினார். 1870 மார்ச்சில் விடைபெறும் வாசிப்பை முடித்தார், ஜூனில் இறந்தார். எழுதிக்கொண்டிருந்த நாவல் பாதியில் நின்றது. அவர் அளவுக்கு நம்மை யாரும் கூப்பிடப்போவதில்லை என்றாலும், காலண்டரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் ஏற்பாடு இப்படி: காலை ஒன்பது வரை நாவல் மட்டும், போன் அடுத்த அறையில். மாதத்துக்கு அதிகபட்சம் மூன்று மேடை. நாவலின் கடைசித் திருத்தம் நடக்கும்போது எதற்கும் தேதி கொடுப்பதில்லை. மேடை முடிந்து வரும் இரவு தூக்கம் வராது, அதனால் மறுநாள் காலையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நிகழ்ச்சி நாளன்று ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் மைக்காரரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள், அன்றைக்கு உங்கள் உயிர் அவர் கையில். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், தயிர் வேண்டாம். மேடைப் பிரதியின் இன்னொரு நகல் சட்டைப் பையில் இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலின் மூடியை மேடைக்குப் பின்னாலேயே திருகித் தளர்த்திக்கொள்ளுங்கள். மேலே போனபிறகு கை நடுங்கும், திறக்க வராது.